செட்டிநாட்டில் எங்கே, எப்போது, எப்படிச் சாப்பிடுவது: முதல்முறை வருகிறவர்களுக்கு

வெளியூர் ஓட்டல்களில் 'செட்டிநாடு' என்று மெனுவில் போட்டிருந்தால் பெரும்பாலும் சிவப்பாக, எண்ணெய் மிதக்க, கண்ணில் தண்ணீர் வரவைக்கும் ஒரு கோழிக்கறி வரும். அதையே மனதில் வைத்துக்கொண்டு காரைக்குடியில் வந்து இறங்குகிறவர்கள், கண்ணில் பட்ட ஓட்டலில் ரெண்டு வேளை சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் நல்ல சாப்பாடு இங்கே நிச்சயம் இருக்கிறது. வீட்டு அடுப்படியிலும் கல்யாணப் பந்தியிலும் வளர்ந்த சமையல் என்பதால், அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பசி வந்த பிறகு தேடினால் கிடைப்பது பரோட்டாதான்.

எனவே எந்த ஓட்டல் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்த வேளைக்கு எதைச் சாப்பிடுவது, யாரிடம் எப்போது சொல்லிவைப்பது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஊர்களின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

செட்டிநாடு என்பது ஒரு ஊர் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஊர்கள். முன்பு 96 ஊர்கள் என்பார்கள், இப்போது எழுபதுக்குச் சற்று மேல். சாப்பாட்டுக்கு மையம் காரைக்குடி. தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டையிலும் ஓட்டல்கள் உண்டு. ஆனால் பெரிய வீடுகளைப் பார்க்க நீங்கள் போகப்போகிற கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கடியாபட்டி மாதிரி ஊர்களில் மதியம் ஒரு மணிக்குத் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு டீக்கடை திறந்திருந்தால் அதிர்ஷ்டம். அங்கே சாப்பிட வேண்டுமென்றால் தங்கும் விடுதிகளில்தான், அதுவும் சொல்லிவைத்திருந்தால்தான்.

சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறவர்கள் காரைக்குடியில் இறங்கும்போது இரவு ஆகிவிடும். அந்த நேரத்தில் செட்டிநாட்டுச் சமையலைத் தேடி அலையாதீர்கள். இட்லி, இடியாப்பம் கிடைத்தால் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். மதுரை, திருச்சி விமான நிலையங்களிலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். காலை விமானத்தில் வந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

2. ஒரு மதியத்தை இலைச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு வேளைக்குத்தான் தாராளமாகச் செலவு செய்ய முடியும் என்றால், அதை இங்கே செலவு செய்யுங்கள். காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று பழைய வீடுகளும் கட்டடங்களும் விடுதிகளாகியிருக்கின்றன. அங்கே தங்காதவர்களும் மதியம் சாப்பிட முடியுமா என்பதை ஒவ்வொரு இடத்திலும் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குறைந்தது முந்தின நாள் காலையிலேயே பேசிவிடுங்கள். விலை சாதாரண மெஸ் சாப்பாட்டைவிடப் பல மடங்கு. அதற்கேற்ற உழைப்பு அந்த இலையில் இருக்கும்.

போனில் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "நாளைக்கு மதியம் ஒரு மணிக்கு நாலு பேர் வர்றோம். ரெண்டு பேர் சைவம். சின்னப் பிள்ளை ஒண்ணு இருக்கு, காரம் கம்மியா ஏதாவது வேணும். கவுனி அரிசி செய்வீங்களா?" இவ்வளவு போதும். கடைசிக் கேள்வியை மட்டும் மறக்காதீர்கள். கவுனி என்பது, இந்தப் பகுதியின் வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவில் வாணிபம் செய்த காலத்தில் செட்டிநாட்டுக்கு வந்த கறுப்பு அரிசி. உமி நீக்கினாலும் தவிடு தடிப்பாக இருக்கும், முந்தின இரவே ஊறப்போட வேண்டும், வேகவும் நேரம் எடுக்கும். வெந்த பிறகு சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறுவார்கள். இலையில் வைக்கும்போது கரு ஊதா நிறத்தில் பளபளக்கும். வாயில் போட்டால் ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக மெல்லப்படும், குழைந்து போகாது. போன உடனே கேட்டால் "இன்னிக்கு இல்லையே" என்றுதான் பதில் வரும்.

போனிலேயே தொகையையும் வரியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளின் உணவகத்தில் அது 18 சதவீதமாக இருக்கும். நாலு பேர் சாப்பிட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தை, ஆவணி மாதிரி கல்யாண மாதங்களில் முகூர்த்த நாளாகப் பார்த்து வந்தீர்கள் என்றால் கைதேர்ந்த சமையல்காரர்கள் பந்திக்குப் போயிருப்பார்கள். விடுதியே கல்யாணக் கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கவும் வாய்ப்புண்டு. நாட்காட்டியை ஒரு முறை புரட்டிவிட்டுத் தேதியைக் குறியுங்கள்.

3. இலையில் எதைக் கவனிப்பது

இலை போட்ட பிறகு அவசரப்பட்டுச் சோற்றைப் பிசையாதீர்கள். பரிமாறி முடிக்கட்டும். செட்டிநாட்டுச் சமையலின் அருமை குழம்பைவிட, இலையின் மேல் பாதியில் வரிசையாக வைக்கும் காய்கறிகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கூட்டு, துவட்டல், பிரட்டல், பச்சடி, மண்டி என்று ஒவ்வொன்றுக்கும் பக்குவம் வேறு.

மண்டியை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அரிசி களைந்த தண்ணீரை, முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்ததை, எடுத்து வைத்துக்கொண்டு அதில் புளியைக் கரைப்பார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் வதக்கி, வெண்டைக்காயோ மொச்சையோ சேர்த்து, அந்தப் புளித்தண்ணீரில் கொதிக்கவிடுவார்கள். களைந்த தண்ணீரில் இருக்கும் மாவுச் சத்தே குழம்பைக் கெட்டியாக்கிவிடும். பட்டையும் கிராம்பும் அதில் இல்லை. முழுப் பூண்டு பல்லைக் கடித்தால் புளிப்பு உள்ளே இறங்கியிருக்கும். இதைச் சாப்பிட்ட பிறகு, செட்டிநாடு என்றாலே மசாலாதான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அசைவத்தில் அதே பாடத்தைக் கற்றுத்தருவது உப்புக்கறி. ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிப்போட்ட வரமிளகாய், உப்பு. மசாலாப் பொடி எதுவும் போடாமல், கறியின் சாறு அதிலேயே வற்றிச் சுண்டும்வரை வதக்குவார்கள். கோழி வறுவல், சுறாப் புட்டு, நண்டு ரசம், கோலா உருண்டை எல்லாம் நல்லவைதான். முதல்முறை வருகிறவர் எதையாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் உப்புக்கறியைக் கேளுங்கள். கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ போட்ட மசாலாக் குழம்புகளும் இந்த மண்ணின் சொத்துதான், அவற்றை மறுநாள் மெஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.

பரிமாறுகிறவர் எதையாவது இரண்டாவது முறை வைக்க வந்து, உங்களுக்குப் போதும் என்றால் இலைமேல் கையைக் குறுக்கே காட்டி "போதும்ணே" என்றால் போதும். வாங்கி வைத்துவிட்டு அப்படியே மூடுவது சமைத்தவர்களுக்கு மனக்கஷ்டம். சாப்பிட்டு முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

4. மெஸ்ஸில் சாப்பிடுவது

காரைக்குடியில் மெஸ்களுக்குக் குறைவில்லை. எங்கே போவது என்று ஆட்டோக்காரரிடம் கேட்பதைவிட, கடைவீதியில் துணிக்கடை, நகைக்கடை வைத்திருப்பவர்களிடம், "நீங்க மதியம் எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். தினமும் சாப்பிடுகிறவர் சொல்லும் இடம் தப்பாகப் போவது அரிது.

பன்னிரண்டரைக்குப் போய்விடுங்கள். இரண்டு மணிக்கு மேல் நல்ல அயிட்டங்கள் தீர்ந்துவிடும், மிஞ்சிய குழம்பு சுண்டிக் கரிப்பாகிவிடும். உட்கார்ந்ததும் முழுச் சாப்பாடா, அளவுச் சாப்பாடா என்று சொல்லிவிட வேண்டும். முழுச் சாப்பாட்டில் சோறும் குழம்பு வகைகளும் கேட்கக் கேட்க வரும்: கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன்குழம்பு, அப்புறம் ரசம், மோர். தொட்டுக்கொள்ளும் அசைவம் எல்லாவற்றுக்கும் தனி விலை.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பல மெஸ்களில் அச்சடித்த மெனு இருக்காது. ஒருவர் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்து, "சுக்கா, ஈரல், மூளை, காடை, நண்டு, இறால், பிச்சுப்போட்ட கோழி" என்று மூச்சுவிடாமல் சொல்வார். கையைக் காட்டினால் கிண்ணம் இலைப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். வைப்பதற்கு முன் விலையைக் கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நண்டுக்கும் காடைக்கும் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோழி என்றால் நாட்டுக்கோழியா பிராய்லரா என்று கேளுங்கள், விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டு பேர் போனால் இரண்டு கிண்ணம் வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் வயிற்றுக்கும் பைக்கும் நல்லது.

காரம் தாங்காதவர்கள் முதல் சோற்றைக் கறிக்குழம்பில் பிசையாமல், ஒரு கரண்டி குழம்பை இலை ஓரத்தில் வாங்கி ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் உதவாது, மோரை முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முந்திரியோ கடலையோ ஒத்துக்கொள்ளாதவர்கள் உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும். குழம்புக்கு முந்திரி, கசகசா, தேங்காய் அரைத்து ஊற்றுவது சாதாரணம், பல இடங்களில் பொரிப்பதும் கடலை எண்ணெயில்தான்.

புரட்டாசிச் சனிக்கிழமை, அமாவாசை, கார்த்திகை நாட்களில் அசைவ மெஸ்களில் கூட்டம் குறைவாக இருக்கும், வகைகளும் குறையும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போகிற நாளில் சைவம்தான் என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். கோயில்களைச் சுற்றி இருப்பது சைவ ஓட்டல்கள். காலையிலேயே போய்விட்டால் கூட்டத்துக்கு முன்னால் சூடாக இட்லி, பொங்கல் சாப்பிட்டுவிட்டுச் சாமி கும்பிடலாம்.

5. காலையும் மாலையும்: பலகார நேரம்

காலைப் பலகாரத்தில் இடியாப்பத்துக்கும் இட்லிக்கும் கோஸ்மல்லி கிடைத்தால் விடாதீர்கள். வெந்த கத்தரிக்காயை மசித்து, புளி, வெங்காயம், மிளகாய் சேர்த்துச் செய்வது. எல்லா ஓட்டலிலும் இருக்காது, விடுதிகளில் முந்தின இரவே கேட்டால் செய்து தருவார்கள்.

மாலை நாலு மணியிலிருந்து ஆறரைவரை கட்டடம் பார்ப்பதை நிறுத்திவிட்டு வெள்ளைப் பணியாரத்தைத் தேடிப் போங்கள். இதைப் பொட்டலமாக வாங்கி அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஓர் ஆழாக்கு பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுத்தம்பருப்பைக் கோபுரமாக நிற்கும் அளவுக்கு வைத்தால் அதுதான் கணக்கு. இரண்டையும் சேர்த்தே ஊறவைத்து, கையில் திரிதிரியாகத் தட்டுப்படாதபடி வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் சேர்ப்பார்கள், கொஞ்சம் பாலும் விடுவார்கள். புளிக்கவிடுவதில்லை. எண்ணெய் காய்ந்ததும் குழிக்கரண்டியால் மாவை ஒரே ஊற்றாக நடுவில் விடுவார்கள். மாவு அடியில் போய்த் தட்டாக விரிந்து, தானாகவே மேலே மிதந்து வரும். வந்ததும் அதன் முகத்தில் கரண்டியால் எண்ணெயை அள்ளி ஊற்றுவார்கள், உடனே பணியாரம் உப்பி எழும். ஒரு திருப்பு, அவ்வளவுதான். சிவக்கும் முன்னால் எடுத்துவிட வேண்டும். ஓரம் மெலிதாக மொறுமொறுப்பாகவும் நடு பஞ்சாகவும் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுட முடியும், கூட்டம் இருந்தால் காத்திருங்கள். தொட்டுக்கொள்ள வரமிளகாய் அரைத்த காரத் துவையல். பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட்டால் ஓரத்தின் மொறுமொறுப்பு போய், எண்ணெய் முன்னால் தெரியும்.

பக்கத்திலேயே மசாலாச் சீயம், இனிப்புச் சீயம், கந்தரப்பம், பால் பணியாரம் ஏதாவது இருக்கலாம். இருப்பதை வாங்குங்கள், எது என்றைக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆடி மாதம் வந்தால் கும்மாயம் கேளுங்கள். வறுத்த பருப்பு மாவும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டியது, சூடாகச் சாப்பிட வேண்டியது. ரங்கூன் புட்டு ரவையில் செய்யும் இனிப்பு, விடுதிகளில் சொல்லிவைத்தால் காலையில் வரும்.

பேக்கரிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். காரைக்குடியில் நிறைய உண்டு, பப்ஸும் பன்னும் டீயும் கிடைக்கும், பிள்ளைகள் பசிக்கிறது என்று அழுதால் உதவும். கேக் சாப்பிட இந்த ஊருக்கு வர வேண்டாம்.

6. பலகாரக் கடையில் வாங்குவது

காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் வீட்டை ஒட்டியே பலகாரம் போட்டு விற்கும் இடங்கள் உண்டு. பெண்களே நடத்தும் இடங்கள் பல. வயதில் பெரியவர்களை நகரத்தார் வீடுகளில் ஆச்சி என்று கூப்பிடுவார்கள். யார் என்று தெரியாதபோது அக்கா, அம்மா என்றே கூப்பிடுங்கள், மரியாதைக்குக் குறைவில்லை.

முதல் கேள்வி: "இது என்னைக்குப் போட்டது?" தயங்காமல் பதில் வந்தால் நல்ல கடை. சில்லறையாக விற்கும் இனிப்புகளுக்கு எந்தத் தேதிவரை சாப்பிடலாம் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி. அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் மூக்கை நம்புங்கள். முறுக்கை உடைத்ததும் சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் பழசு, அந்தக் கடையில் வேறு எதுவும் வாங்க வேண்டாம். ஒரே கடையில் மொத்தமாக வாங்காமல், நூறு நூறு கிராமாக வாங்கி ருசி பார்த்துவிட்டு மறுநாள் போய் வாங்குவது புத்திசாலித்தனம்.

எதை வாங்குவது என்றால், தேன்குழலும் கைமுறுக்கும் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே நீங்கள் வாங்க வேண்டியது சீப்புச் சீடையும் மனகோலமும். சீப்புச் சீடையில் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவை வரிவரியாக நாடாவாகப் பிழிந்து, துண்டு போட்டு, விரலில் சுற்றி வளையமாக ஒட்டிப் பொரிப்பார்கள். உள்ளே கூடாக இருப்பதால் வாயில் போட்டதும் நொறுங்கிவிடும். வளையங்கள் ஒரே அளவில், ஒட்டு பிரியாமல் இருந்தால் கைதேர்ந்தவர் செய்தது. மனகோலத்தில் பிழிந்து பொரித்ததை உடைத்து, தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை சேர்த்து வெல்லப்பாகில் புரட்டுவார்கள். பாகு கையில் பிசுபிசுக்கக் கூடாது.

ஒரு கிலோவுக்கு மேல் வேண்டுமென்றால் ஊருக்கு வந்த முதல் நாளே சொல்லி, கொஞ்சம் முன்பணம் கொடுத்து, கிளம்பும் முந்தின மாலை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கென்று புதிதாகப் போட்டுத் தருவார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் இந்த வழி நடக்காது, அப்போது பல நாள் முன்னதாகவே போன் செய்ய வேண்டும்.

பரிசாகக் கொடுக்கப் பலகாரம் வாங்குகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் பனையோலைக் கொட்டான் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். கல்யாணச் சீருக்குப் பலகாரம் வைத்துக் கொடுக்கிற கூடை இது, புவிசார் குறியீடு பெற்றது. பலகாரத்தை மட்டும் காற்றுப் புகாத உறையில் கட்டி உள்ளே வையுங்கள், இல்லையென்றால் நமத்துவிடும்.

7. மசாலாப் பொடி, கவுனி அரிசி வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு

கவுனி அரிசி காரைக்குடிக் கடைவீதியில் கிடைக்கும். கிள்ளிப் பார்த்து, உடைசல் அதிகமில்லாததாக வாங்குங்கள். கல்பாசியும் மராத்தி மொக்கும் பொடியாக வாங்குவதைவிட முழுசாக வாங்கினால் மணம் நிற்கும்.

வெளிநாட்டுக்குத் திரும்பப் போகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். குழம்பு மசாலாக்களில் கசகசா கலந்திருக்கலாம். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசாவுக்குத் தடை உண்டு, பெட்டியில் அகப்பட்டால் சட்டச் சிக்கல். கடைக்காரரிடம் கேட்டு, உறையில் எழுதியிருப்பதையும் படித்துவிட்டு வாங்குங்கள். எழுதாத பொட்டலத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

8. கிளம்பும் நாள்

சென்னைக்குத் திரும்பும் பல்லவன் அதிகாலையிலேயே புறப்பட்டுவிடும், அந்த நேரத்தில் பலகாரக் கடை திறந்திருக்காது. முந்தின மாலையே வாங்கி, இரவே பையில் அடுக்கிவிடுங்கள். கனமானது அடியில், சீப்புச் சீடை மேலே. அதிரசம், கந்தரப்பம் மாதிரி எண்ணெய் கசிகிறவற்றைத் தாளில் சுற்றித் தனியாக வையுங்கள். கந்தரப்பத்தை அன்றைக்கே அல்லது மறுநாளே சாப்பிட்டு முடியுங்கள், தேங்காய்ப்பால் சேர்ந்த சீடையை அடுத்து எடுங்கள், தேன்குழல் கடைசிவரை தாங்கும். ரயிலில் சாப்பிடக் காலைப் பலகாரம் வேண்டுமென்றால் விடுதியில் முந்தின இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட வேண்டும். நாலு மணிக்கு எழுந்து இட்லி அவித்துக் கட்டித்தருகிறவருக்குக் கணக்கில் சேராத ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள்.